தெருவில் கிடக்கும் சிரிஞ்ச் ஊசியை எடுப்பது எப்படி?

கையுறை ஊசியைத் தடுக்காது, இடுக்கிதான் வேண்டும். திருகுமூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவை ஊசிக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். டப்பாவைக் கையில் பிடித்தால், குறி தவறும்போது அந்தக் கையில்தான் குத்தும். சிரிஞ்சை நடுவில் பிடித்து, முனை கீழே இருக்க உள்ளே விடுங்கள். ஊசியிலிருந்து கழன்ற மூடியைத் திரும்ப மாட்டவே வேண்டாம். முக்கால் டப்பா நிறைந்ததும் மூடி, ஊசி மாற்றித் தரும் மையத்தில் (பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் இடம்) ஒப்படையுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் ஏறும்.

குத்திவிட்டதா? பிதுக்காதீர்கள், சப்பாதீர்கள் (விரல் தானாக வாய்க்குத்தான் போகும்). சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். டெட்டால், பிளீச்சிங் பவுடர் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம்தான் கெடு. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. அது தொற்றியதா என்று அறிய ரத்தப் பரிசோதனைதான் வழி.