ரியாத் போகிறீர்களா? பெட்டி கட்டும் முன் பாருங்கள்

ரியாத்துக்குத் துணி எடுத்துவைக்கும்போது வெயிலை மட்டும் நினைக்காதீர்கள். ஜூலையில் பகலில் 43 டிகிரி சாதாரணம். ஆனால் மால், உணவகம், கார் என்று உள்ளே நுழைந்தால் ஏசி நடுங்க வைக்கும். மெல்லிய பருத்திச் சால்வை ஒன்று கட்டாயம் வேண்டும். பெண்களுக்கு மசூதியில் தலையை மூடவும் அதுவே உதவும்.

வெளிநாட்டிலிருந்து சுற்றுலா வரும் பெண்களுக்கு 2019 முதல் அபாயா (உடலை மறைக்கும் நீண்ட தளர்வான மேலங்கி) கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மறையும் தளர்வான உடை போதும். நம் பருத்திச் சுடிதார் இதற்கு அருமையாகப் பொருந்தும். லெக்கிங்ஸ் மட்டும் வேண்டாம், தொளதொள பேண்ட்டாக இருக்கட்டும். ஆண்களும் அரைக்கால் சட்டையைத் தவிர்த்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை உண்மையில் வெயிலுக்கு நல்லது.

அங்கே காற்று வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவதே தெரியாது. தண்ணீர் பாட்டிலும் உதட்டுக்கு வாசலினும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர் தேவை. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும்.

அப்புறம், மசாலாப் பொட்டலங்களை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கசகசாவுக்கு சவூதியில் தடை உண்டு. குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.