வளவுக் காளானை அடியோடு கிளப்பிப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்து நாலைந்து நாளில் வன்னி வளவுகளில் காளான் கிளம்பிவிடும். புற்றுக் காளானைத் தேடிப் பொறுக்கிச் சமைக்கும் ஊர் எங்களது. ஆனால் இந்தக் குறிப்பு இனங்காணப் பழகுவதற்கு மட்டும். இதை வைத்துக்கொண்டு எதையும் சட்டியில் போடாதீர்கள்.

1. முளைத்த இடத்தைக் குறியுங்கள். புற்றா, வைக்கோலா, எருவா, இத்துப்போன குற்றியா, புல்லா? மேலாலும் பக்கத்தாலும் குடையின் அடியாலும் படம் எடுங்கள்.

2. அடியோடு கிளப்புங்கள். புதியவர்கள் பிழைவிடுவது இங்கேதான்: தண்டைப் பிடித்து முறித்துவிடுவார்கள். சுற்றவர மண்ணை நெகிழ்த்தி மெல்ல எடுங்கள். புற்றுக் காளானின் தண்டு வேர்போல நீண்டு, கறையான் வளர்க்கும் பூஞ்சைக் கூடு வரை இறங்கும். வைக்கோல் காளானின் அடியில் கிழிந்த முட்டைக்கோது போல ஓர் உறை இருக்கும். அமனிட்டா என்ற காளான் இனத்தின் வகைகள் பலவற்றுக்கும் அதே உறைதான். அவற்றில் சில ஆளையே கொல்லும்.

3. வித்திகளின், அதாவது காளான் பரவ உதிர்க்கும் தூளின், நிறம் பாருங்கள். குடையை வெட்டி, அடியில் தகடுதகடாக இருக்கும் மடிப்புப் பக்கம் கீழே இருக்க, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலும் வையுங்கள். மேலே கிண்ணம் கவிழ்த்து இரவு முழுக்க விடுங்கள். வைக்கோல் காளான் இளஞ்சிவப்பாகத் தூள் உதிர்க்கும், அமனிட்டா வெள்ளையாக.

போன மாரியில் எங்கள் முற்றத்துப் புல்லில் ஒன்று முளைத்தது. வெள்ளைக் குடை, மேலே மண்ணிறச் செதில், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம். மடிப்பும் வெள்ளைதான். விடியக் கிண்ணத்தைத் தூக்கினால், தாளில் காய்ந்த பாசி நிறத்தில் பச்சைக் கோடுகள், சக்கரத்து ஆரைக்கால்கள் மாதிரி. அது குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். தின்றால் சில மணித்தியாலத்தில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். முற்றினால்தான் அதன் மடிப்பில் பச்சை தெரியும்.

பூச்சி அரித்ததே, வெள்ளிக் கரண்டி கறுக்கவில்லையே என்பதெல்லாம் நஞ்சில்லை என்பதற்குச் சோதனை அல்ல. அமனிட்டாவின் கொல்லும் நஞ்சு அவித்தாலும் போகாது. தின்று 6 மணித்தியாலம் கடந்த பிறகுகூட வருத்தம் காட்டும். யாராவது தின்றுவிட்டால் வருத்தம் வரும்வரை காத்திராமல், இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்சை அழையுங்கள். மிச்சக் காளானையும் கையோடு கொண்டுபோங்கள்.

பிள்ளைகளோடு பழகுவதென்றால் எருக்கும்பத்தில் தொடங்குங்கள். சுண்டுவிரல் நகமளவுக் கிண்ணங்களுக்குள் கறுத்த முட்டைகள் போலக் கிடந்தால், அது குருவிக்கூட்டுக் காளான். மழைத்துளி விழும்போது அந்த முட்டைகள் தெறித்துப் பாயும். வித்திகள் இருப்பது அவற்றுக்குள்தான்.