முகில் அறை அமைத்து மியூவான் தடங்களைக் காண்பது எப்படி?

விண்வெளிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உருவாகி நம் மேல் பொழியும் மின்னூட்டத் துகளே மியூவான். மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று குளிர்ந்த ஆல்கஹால் ஆவியினூடே பாயும்போது, அது உண்டாக்கிச் செல்லும் அயனிகளின் (மின்னூட்டம் பெற்ற அணு, மூலக்கூறுகளின்) மேல் ஆவி நுண்துளிகளாகப் படிவதால், துகள் கண்ணுக்குப் புலப்படாவிட்டாலும் அதன் தடம் வெண்கோடாகத் தெரியும். இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சனுக்கு 1927ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த முகில் அறையின் அடிப்படை இதுவே. அவர் காற்றைத் திடீரென விரியச் செய்து குளிரவைத்தார். நாம் உலர் பனிக்கட்டியைக் (திட கார்பன் டை ஆக்சைடு) கொண்டு அடித்தட்டை மட்டும் குளிர்வித்தால் போதும்.

சிறிய கண்ணாடித் தொட்டி ஒன்றின் அடிப்பகுதியில், உட்புறமாகத் தடித்த ஃபெல்ட் துணியைக் காந்தங்களால் பொருத்த வேண்டும். பசையை ஆல்கஹால் இளக்கிவிடக்கூடும் என்பதால் ஒட்டக்கூடாது. துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்கு நனைத்து, தொட்டியைக் கவிழ்த்துக் கறுப்பு அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, விளிம்பைக் காற்றுப் புகாதபடி அடைக்க வேண்டும். 70 விழுக்காட்டுக் கரைசலில் நீர் மிகுதி என்பதால், 99 விழுக்காட்டுத் தூய்மையுள்ளதையே வாங்குவது நல்லது. தகட்டின் கீழே, சுமார் -78 டிகிரி செல்சியஸில் இருக்கும் உலர் பனிக்கட்டியை இடைவெளியின்றிப் பரப்ப வேண்டும். அதை வெறுங்கையால் தொடக்கூடாது; மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு சேரும் என்பதால் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும்; ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், அருகில் நெருப்பு கூடாது.

பத்துப் பதினைந்து நிமிடங்களில் தகட்டை ஒட்டி மென்தூறல் போன்ற படலம் தோன்றும். அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போல் பாய்ச்ச வேண்டும். பலரும் மேலிருந்து ஒளியைப் பாய்ச்சிவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில், தகட்டின் குளிர்ச்சிக்கு அடுத்தபடியாக வெற்றியைத் தீர்மானிப்பது இந்த ஒளிக்கோணமே.

குட்டையான, தடித்த தடங்கள் பெரும்பாலும் காற்றிலுள்ள ரேடான் என்னும் கதிரியக்க வாயு வழிவந்த ஆல்பா துகள்களுடையவை (ஹீலியம் அணுக்கருக்கள்). வளைந்து நெளிபவை ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்கள். மெல்லிய, நீண்ட நேர்கோடுகள் பெரும்பாலும் மியூவான்கள். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வந்து விழுகிறது. படலம் மெல்லியதாகையால், செங்குத்தாக வருபவை சிறு புள்ளிகளாகவும் சாய்வாக வருபவை மட்டுமே நீண்ட கோடுகளாகவும் தெரியும். ஆற்றல் மிக்க எலக்ட்ரானும் நேர்கோடே வரையும் என்பதால், ஒற்றைத் தடத்தை வைத்து அது மியூவான்தான் என்று உறுதி கூற இயலாது. சாதாரணக் காந்தத்தை அருகில் வைத்து மியூவான் தடத்தை வளைக்க முயல்வது வீண். 1932இல் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானைக் கண்டறிந்த கார்ல் ஆண்டர்சன், தடங்களை வளைக்கவென்றே 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) அளவிலான மின்காந்தத்தைப் பயன்படுத்தினார்.