பனி மேட்டில் மின்சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு குளிர்காலமும் இதைப் பார்க்கிறேன். புதிதாக மின்சைக்கிள் வாங்கியவர்கள் பனி இறுகிய மேட்டில் விறுவிறுவென்று ஏறுகிறார்கள். இறங்கும்போது அதே மேட்டில் விழுந்து கிடக்கிறார்கள். என் முதல் குளிர்காலமும் அப்படித்தான் போனது. கையுறை, விளக்கு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்சக்கரத்துக்கு மட்டும் ஆணி டயர்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ரப்பரில் சின்னச் சின்ன டங்ஸ்டன் கார்பைடு முனைகள் பதித்த டயர் இது, விலை அதிகம். மோட்டார் பின்னால்தானே இருக்கிறது, பிடிமானமும் அங்கேதான் வேண்டும் என்று ஒன்றை மட்டும் வாங்கிப் பின்னால் மாட்டிவிடுகிறார்கள். நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டேன்.

ஏறும்போது குறையே தெரியாது. எடை பின்சக்கரத்தின் மேல் சாயும், ஆணிகள் பனிக்கட்டியைக் கடிக்கும், மோட்டார் தள்ளும். உச்சிக்குப் போனதும் டயர் நன்றாகப் பிடிக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிடும். ஆனால் இறங்கும்போது எடை முன்னால் போகிறது. திரும்புவது முழுக்க முன்சக்கரத்தை நம்பித்தான், அதிலோ வெறும் ரப்பர். சாதாரண சைக்கிள் என்றால் பாதி மேட்டிலேயே திணறித் திரும்பியிருப்போம். மோட்டார்தான் நம்மால் இறங்க முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டி வேறு பின்னாலிருந்து உந்தும்.

நான் விழுந்த அன்று, இறங்கும்போது வளைவு வரை பின் டயரின் கரகர சத்தம் மட்டும் கேட்டது. முன்னால் சத்தமே இல்லை. வளைவில் ஈரம் போல ஒரு கறுப்புத் திட்டு, அது தண்ணீர் இல்லை, பனிக்கட்டி. ஹேண்டில்பார் கையில் எடையே இல்லாமல் லேசானது. அடுத்த நொடி மணிக்கட்டு தரையில் மோதியது. எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தச் செலவில் இரண்டு டயர் வாங்கியிருக்கலாம்.

பின்சக்கரம் சறுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது. ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் அது முன்னால் இருக்கட்டும். ஏற்றத்தில் பின்சக்கரம் சும்மா சுற்றினால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளி ஏற வேண்டியிருக்கும் மேடு, ஓட்டிக்கொண்டு இறங்கவும் கூடாத மேடுதான்.

மோட்டார் உதவியைக் கூட்டி வைத்து ஏறுவது

சில வண்டிகளில் சென்சார், பெடல் சுற்றுகிறதா என்று மட்டுமே பார்க்கும். லேசாக மிதித்தாலும் மோட்டார் வெடுக்கென்று தள்ளும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் எவ்வளவோ மேல். எதுவானாலும் சரி, உதவியைக் குறைத்து, சீராக மிதியுங்கள்.

முன்சக்கர மோட்டார்

பனி மேட்டுக்கு வேண்டாம்.

வளைவுக்குள் பிரேக்

வேகத்தை முன்பே குறைத்துவிடுங்கள்.

வந்ததும் சார்ஜ் போடுவது

0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரி செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படியும், இழந்த கொள்ளளவு திரும்ப வராது. பேட்டரியின் வெளிப்பக்கம் சீக்கிரம் குளிர் விட்டுவிடும், உள்ளே இருக்கும் செல்கள் அப்படியில்லை. நான் அதைக் கழற்றி அறைக்குள் வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் சார்ஜரை மாட்டுகிறேன்.