கடலோரத்தில் பந்தய விமான மாதிரிக்கு வண்ணம் பூசும் முறை

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் ரேடியோவால் இயக்கும் பந்தய விமான மாதிரிகளைச் செய்வோர், பால்சா மரச் சட்டத்துக்குக் காட்டும் அதே கவனத்தை வண்ணப்பூச்சுக்கும் காட்ட வேண்டும். ஈரக்காற்றில் லேக்கர் எனும் விரைந்து காயும் வண்ணப்பூச்சைப் பூசினால், அதிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விப்பதால், அங்கே ஈரம் படிந்து பூச்சு பால்போல வெளுத்துவிடும். ஆகவே விடியற்காலையைத் தவிர்த்து, வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று வலுக்கும் முன்பே, காற்றோட்டமுள்ள நிழலில் பூசுவது நல்லது; ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாள்களில் பூசாமலிருப்பதே மேல்.

பிரைமர் எனும் அடிப்பூச்சு நன்கு காய்ந்ததும் 400-ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். நம் பக்கத்து உவர்நீர் இதற்கு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத உப்பின்மேல் பூசிய வண்ணம் பின்னர் கொப்பளிக்கும்.

மெல்லிய பூச்சுகளே போதும். ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்கைவிட வால் அதிகத் தொலைவில் இருப்பதால், அங்கே கூடும் ஒரு கிராமை ஈடுகட்ட மூக்கில் அதைவிட அதிக ஈயம் சேர்க்க நேரும். வேகமான திருப்பத்தில் மேற்புறமும் அடிப்புறமும் உடனே பிரிந்து தெரிய, இறக்கையின் அடியில் மட்டும் அகலமான கறுப்புப் பட்டைகளைத் தீட்டுங்கள்.