பொகோட்டாவில் மதியச் சாப்பாடு: கொலம்பிய சூப் சாப்பிடப் பழகுவது எப்படி?

சூப் என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் சின்னக் கிண்ணம் என்று நினைத்துக்கொண்டு கொலம்பிய உணவகத்துக்குள் போகாதீர்கள். அங்கே சில சூப்புகளே முழுச் சாப்பாடு. எது அப்படி, எது சோற்றுக்கு முன்னால் வருவது என்று தெரியாமல் ஆர்டர் கொடுத்தால் பாதி மீந்துவிடும்.

படி 1: நேரமும் கடையும்

பகல் 12 மணியிலிருந்து 2 மணிக்குள் போங்கள். அலுவலகக் கூட்டம் மொய்க்கும் சாதாரணக் கடையே போதும். வாசல் பலகையில் அன்றைய மெனு இருக்கும். ஒரே விலைக்கு ஒரு சூப், அப்புறம் சோறு, இறைச்சி, பீன்ஸ் அல்லது பருப்பு, பொரித்த வாழைப்பழம் எல்லாம் வைத்த தட்டு, கூடவே ஒரு ஜூஸ். இதைத்தான் கோரியென்டாசோ என்கிறார்கள். இந்த சூப் சின்னதுதான், பயமில்லை. பழைய கடைதான் வேண்டும் என்றால் பொலிவார் சதுக்கத்துப் பக்கத்தில் 1816 முதல் இருக்கும் லா புவெர்தா ஃபால்சாவுக்குப் போகலாம், ஆனால் இடம் குறுகல், வரிசையில் நிற்க வேண்டிவரும்.

படி 2: முதல் தடவை அஹியாகோ கேளுங்கள்

பொகோட்டாவின் சொந்த சூப் இது, இதுவே முழுச் சாப்பாடு. கோழி, மூன்று வகை உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், குவாஸ்காஸ் என்ற மூலிகை. இதில் பாப்பா கிரியோயா என்ற மஞ்சள் கிழங்கு வெந்து கரைந்துவிடும், சூப் கெட்டியாவதும் மஞ்சளாவதும் அதனால்தான். மற்ற இரண்டில் ஒன்று பாதி மசியும், இன்னொன்று துண்டாகவே நிற்கும். குவாஸ்காஸ் போடாததை பொகோட்டாக்காரர்கள் அஹியாகோ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது.

சூப்போடு கிரீம், உப்புநீரில் ஊறிய கேப்பர் மொட்டுகள், அவகாடோ, சோறு எல்லாம் தனித்தனியாக வரும். எடுத்தவுடன் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். முதலில் வெறும் சூப்பை இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கிரீம், நாலைந்து கேப்பர் (அதுவே உப்பும் புளிப்பும், அதனால் தனியாக உப்பு கேட்கும் முன் யோசியுங்கள்). அவகாடோவைத் துண்டு துண்டாக உள்ளே போடலாம், தொட்டுக்கொண்டும் சாப்பிடலாம். சோளக்கதிரை வெளியே எடுத்துக் கையால் பிடித்துக் கடியுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

படி 3: அடுத்த தடவைக்கு

சான்கோச்சோவில் மரவள்ளி, வாழைக்காய், உருளை எல்லாம் பெரிய துண்டுகளாக வேகும். கோழியும் உண்டு, மீனும் உண்டு, ஊரைப் பொறுத்தது. இறைச்சியைப் பல இடங்களில் சோற்றுத் தட்டில் தனியாக வைத்துத் தருவார்கள், அதைத் திரும்ப சூப்பில் போட வேண்டியதில்லை. குடல் கறி பிடிக்கும் என்றால் மொன்டோங்கோ என்ற குடல் சூப் கேளுங்கள். காலையில் போனால் சங்குவா: பாலும் தண்ணீரும் கொதிக்கவைத்து முட்டை உடைத்து ஊற்றி, மேலே கொத்தமல்லி, வெங்காயத்தாள். எல்லோருக்கும் பிடிக்காது. விலா எலும்பும் உருளையும் போட்ட கால்டோ தே கோஸ்தீயா அதைவிட எளிது, முந்தின இரவு குடித்தவர்கள் காலையில் தேடிப்போவதும் இதைத்தான்.

கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்துப் பந்தேஹா பைசா சூப் இல்லை. பீன்ஸ், சோறு, பன்றித்தோல் வறுவல், சோரிசோ என்ற தொத்திறைச்சி, அரைத்த இறைச்சி, முட்டை, வாழைப்பழம், அவகாடோ, அரேபா என்ற சோள ரொட்டி எல்லாம் ஒரே தட்டில் வரும். இதையும் சூப்பையும் சேர்த்து ஆர்டர் செய்யாதீர்கள். பொகோட்டா 2,600 மீட்டர் உயரம், வந்திறங்கிய அன்றைக்கு இவ்வளவு தின்றால் வயிறு கனக்கும்.

காரம், ஜூஸ், சைவம்

கொலம்பியச் சமையலில் பொதுவாகக் காரமே இருக்காது. மேசையில் இருக்கும் அஹிதான் உங்களுக்குத் துணை: மிளகாய், கொத்தமல்லி, வெங்காயத்தாள், வினிகர் சேர்ந்த சாஸ். சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள்.

ஜூஸ் தண்ணீரிலா பாலிலா என்று கேட்பார்கள். லுலோ என்ற பழம் புளிப்பு, தண்ணீரில் சொல்லுங்கள். முள் சீத்தாப்பழ ஜூஸ் பாலில் அருமை.

சைவர்கள் "சின் கார்னே" (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கலாம். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் வேண்டாம்) என்று மூன்றையும் சொல்லுங்கள். அப்படியும் பருப்பு சூப்பு எலும்புச் சாற்றில் வெந்திருக்கலாம், குடிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கொஞ்சம் பெரிய உணவகமாக இருந்தால் பில் போடும்போது சேவைத் தொகையைச் சேர்க்கட்டுமா என்று கேட்பார்கள், பெரும்பாலும் 10 சதவீதம். கட்டாயமில்லை, ஆனால் சாப்பாடு பிடித்திருந்தால் சரி என்று சொல்லிவிடுங்கள்.