ஒரே ஒரு ஹதீஸைப் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள்

"பயணத்தில் நோன்பு நோற்பது நன்மையில் சேராது" என்று ஒரு ஹதீஸ், அதாவது நபி (ஸல்) அவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு, உண்டு. புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது, நம்பகத்தன்மையில் குறையே இல்லை. இதை மட்டும் படித்தவர், பயணத்தில் நோன்போடு இருக்கும் இன்னொருவரைப் பார்த்து "நீங்கள் செய்வது தவறு" என்று சொல்லக் கிளம்பிவிடுவார். ஹதீஸ் விஷயத்தில் நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அந்தச் சொல் எப்போது வந்தது என்பதை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு சொல்கிறது. ஒரு பயணத்தில் மக்கள் கூட்டமாக நிற்பதையும், நடுவில் ஒருவருக்கு நிழல் கொடுக்கப்படுவதையும் நபி (ஸல்) அவர்கள் பார்த்தார்கள். என்னவென்று கேட்டபோது, அவர் நோன்பாளி என்றார்கள். அப்போது சொன்ன வார்த்தை அது. ஹம்ஸா இப்னு அம்ர் (ரலி) பயணத்தில் நோன்பு நோற்கலாமா என்று கேட்டபோதோ, "விரும்பினால் நோன்பு வையுங்கள், விரும்பினால் விட்டுவிடுங்கள்" என்றுதான் பதில் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் குழப்பமே இல்லை. தன்னை வருத்தி விழுந்துபோகும் அளவுக்கு நோன்பைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அங்கே மறுக்கப்படுகிறது.

ஆடை விஷயமும் இப்படித்தான். கணுக்காலுக்குக் கீழே தொங்கும் ஆடை நரகத்துக்குரியது என்று ஒரு அறிவிப்பு. "பெருமைக்காக" இழுத்துச் செல்பவரை அல்லாஹ் பார்க்கமாட்டான் என்று இன்னொன்று. தமது ஆடையின் ஒரு பக்கம் தானாகச் சரிந்துவிடுவதாக அபூபக்ர் (ரலி) சொன்னபோது, நீங்கள் பெருமைக்காகச் செய்பவர் அல்லர் என்று நபி (ஸல்) பதில் சொன்னார்கள். பெருமை இல்லாவிட்டாலும் தொங்கவிடக் கூடாது என்ற அறிஞர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் எல்லா அறிவிப்புகளையும் முன்னால் வைத்துக்கொண்டுதான் அந்த முடிவுக்கு வருகிறார்கள். ஒரு ஹதீஸின் எல்லா அறிவிப்பு வழிகளையும் திரட்டாதவரை அது விளங்காது, ஹதீஸ்கள் ஒன்றையொன்று விளக்குகின்றன என்று இமாம் அஹ்மத் சொன்னதன் பொருள் இதுதான்.

அடுத்தது, சட்டம் மாறியதைக் கவனிக்காமல் விடுவது. குர்பானி (பெருநாள் பலி) இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற ஹதீஸ் ஸஹீஹானது (நம்பகமானது). ஆனால் அந்தப் பெருநாள் சமயத்தில் ஏழ்மையில் வாடிய கிராமவாசிகள் மதீனாவுக்கு வந்திருந்தார்கள், அவர்களுக்காகவே தடுத்தேன், இனி உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மம் செய்யுங்கள் என்று நபி (ஸல்) பின்னர் சொன்னதை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அதே நிலை திரும்பினால் அதே தடையும் திரும்பும் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. காரணத்தைத் தெரிந்துகொண்டவர்களால்தான் இப்படி யோசிக்க முடியும்.

குர்ஆனோடு உரசிப் பார்க்காமல் படிப்பதும் தவறுதான். குடும்பத்தார் அழுவதால் இறந்தவர் வேதனை செய்யப்படுகிறார் என்று உமர் (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோர் அறிவித்தார்கள். ஆயிஷா (ரலி) இதை ஏற்கவில்லை. "ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார்" என்ற வசனத்தை எடுத்துக்காட்டி, அது ஒரு யூதப் பெண்ணின் மரணத்தின்போது சொல்லப்பட்டது என்று விளக்கினார்கள். இப்னு உமர் பொய் சொல்லவில்லை, மறந்திருப்பார் அல்லது தவறியிருப்பார் என்றும் சொன்னார்கள். மறுப்பதில்கூட எவ்வளவு நிதானம், பாருங்கள்! இமாம் புகாரி, ஒப்பாரி வைப்பது இறந்தவரின் வழக்கமாக இருந்திருந்தால் அவருக்கு இது பொருந்தும் என்று தலைப்பிட்டு இரண்டையும் இணைத்தார். உடனே ஹதீஸைத் தூக்கி எறிவதும் வேண்டாம், வசனத்தை ஒதுக்கிவிட்டு அதைப் பிடித்துக்கொள்வதும் வேண்டாம்.

சரி, இதெல்லாம் உண்மையான ஹதீஸுக்கு. பரவலாகப் பகிரப்படுபவற்றில் ஹதீஸே அல்லாதவையும் கலந்திருக்கின்றன. "சீனா சென்றேனும் கல்வி தேடு" என்பதை ஹதீஸ் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். கருத்து நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். கருத்து நல்லதாக இருக்கலாம், ஆனால் நபி (ஸல்) சொல்லாததைச் சொன்னதாகப் பரப்ப அது அனுமதி ஆகாது. தம்மீது வேண்டுமென்றே பொய் சொல்பவர் நரகத்தில் தம் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்ற எச்சரிக்கை ஏராளமான தோழர்கள் வழியாக வந்திருக்கிறது. அதே நேரம் ளயீஃப் (பலவீனமானது) என்றாலே பொய் என்று நினைக்காதீர்கள். இட்டுக்கட்டப்பட்டது வேறு, பலவீனமானது வேறு. "புகாரியில் இருக்கிறது" என்றால் எந்த நூலில் என்றும் பாருங்கள். இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதுக்கு அவருடைய ஸஹீஹில் உள்ள கடுமையான நிபந்தனைகள் கிடையாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் இரண்டு பேர் இரண்டு விதமாக விளங்கலாம். பனூ குறைழா என்ற யூதக் குலத்தாரிடம் தோழர்களை அனுப்பும்போது நபி (ஸல்) இட்ட "பனூ குறைழாவை அடைந்த பிறகே அஸ்ர் (மாலைத் தொழுகை) தொழுங்கள்" என்ற கட்டளையைச் சிலர் அப்படியே எடுத்தார்கள். சிலர் விரைந்து போகத்தான் சொன்னார்கள் என்று கருதி வழியிலேயே தொழுதார்கள். நபி (ஸல்) இரு தரப்பையும் கண்டிக்கவில்லை. அதனால் மாற்றுக் கருத்துள்ளவரை ஹதீஸை மறுப்பவர் என்று சொல்ல அவசரப்படாதீர்கள்.

அப்புறம், தனியாகப் படிக்கும்போது விளக்கவுரையும் பக்கத்தில் இருக்கட்டும். புகாரிக்கு இப்னு ஹஜரின் ஃபத்ஹுல் பாரி, முஸ்லிமுக்கு நவவீயின் உரை. ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) போனால் "இது ஸஹீஹா?" என்பதோடு நிறுத்தாமல், இதே விஷயத்தில் வேறு என்ன அறிவிப்புகள் உண்டு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது, பின்னர் மாற்றப்பட்டதா என்றும் கேளுங்கள்.